காணிக்கைக்கு முன்னால்



மத்தேயு 5:23, 24 வசனங்களை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. நமக்கு யார்மேலாவது கோபம் இருந்தால் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே இருப்பதோ, சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால் என்பது. நியாயம் யார் பக்கம் என்ற பேச்சே இல்லை.

அப்பா வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியோடு 9 வருஷம் நான் பேசவில்லை. அவனுக்காக ஜெபம் மட்டும் தவறாமல் பண்ணினேன். பஸ் ஏறிப் போகாமல் இருக்க அது எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

போன மாதம் போனேன். "சாப்பிட்டியாக்கா?" என்றான். பங்கு இன்னும் தீரவில்லை.

நம் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸுக்கு முன் யாராவது ஒருவர் போங்கள். பஸ் காசு நான் தருகிறேன்.