ஸ்பிரிங் மாத்தப் போறீங்களா? முதல்ல இன்ச் டேப்பை எடுங்க!

பைக்கை மாடிஃபை செய்பவர்கள் முதலில் கைவைப்பது சைலன்சரில். அடுத்து ஹேண்டில்பார், சீட், பெயின்ட். பட்ஜெட் காலியாகும் நேரத்தில்தான் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஞாபகத்துக்கு வரும். கடையில் போய் நின்றால் முதல் கேள்வி, 'அண்ணே, சிவப்பு ஸ்பிரிங் இருக்கா?'

கலர் உங்கள் இஷ்டம். ஆனால், அந்த ஸ்பிரிங் தாங்கப்போவது உங்களை மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காரும் அம்மாவையும் சேர்த்துத்தான். ஸ்பீடு பிரேக்கரில் 'டங்'கென்று அடிவாங்குவது அவர் இடுப்பு.

மாடிஃபிகேஷனுக்குப் பெயர்போன ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-யையே எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு ஷாக். பின் வீல் மேலும் கீழும் போய்வர கம்பெனி கொடுத்திருப்பது 88 மி.மீ. சுமார் மூன்றரை இன்ச். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் இதில் கொஞ்சம் செலவாகிவிடும். மீதியில்தான் நம் ஊர் பள்ளம், மேடு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். உட்காரும்போது பைக் இறங்கும் இந்த அளவை 'சேக்' என்பார்கள். மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது இந்த பைக்கில் 25 முதல் 30 மி.மீ வரை இறங்கினால் நல்லது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். கூட இரண்டு பேர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் வீல் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்ஸில் நட்டில் இருந்து நேர் மேலே ஃப்ரேமில் ஓர் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் செலோ டேப் ஒட்டிவிட்டால் அளவு மாறாது. பிறகு, ஸ்டாண்டை எடுத்து பைக்கை நேராகப் பிடித்து இன்னொரு முறை. கடைசியாக நீங்கள் ஹெல்மெட், பேக் சகிதம் ஏறி உட்கார்ந்து மூன்றாவது முறை. முதல் அளவில் இருந்து மூன்றாவதைக் கழித்தால் நீங்கள் உட்காரும்போதான இறக்கம். முதல் அளவில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் பைக் தன் எடையில் மட்டும் இறங்குவது. இது 5 முதல் 10 மி.மீ வரை இருக்கலாம்.

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஷாக்கில் படிப்படியாக இருக்கும் வளையத்தை சி ஸ்பேனரால் திருகினால் ஸ்பிரிங் 'டைட்' ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது. அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கிவைக்கிறது, அவ்வளவுதான். பைக்கின் உயரம் மாறும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது. பல் டாக்டரிடம் போக வேண்டியவர் கிராம்பு வைத்துக்கொள்வது மாதிரி.

வளையத்தைத் திருகித் திருகி நீங்கள் உட்காரும் அளவைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஆனால், இறங்கிய பிறகு பைக் தன் எடைக்குத் துளிகூட இறங்காமல் விறைப்பாக நிற்கிறது. பார்த்தால் ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப் என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். ஸ்பிரிங் பலம் போதவில்லை; அதை அளவுக்கு மீறி அமுக்கிவைத்து ஒப்பேற்றுகிறீர்கள். உட்காரும் அளவு சரியாக இருந்தும் பைக் தன் எடையிலேயே 15 மி.மீ இறங்கினால், ஸ்பிரிங் உங்களுக்குத் தேவைக்கு மேல் ஸ்டிஃப்.

ஸ்பிரிங்கின் பலத்தை, ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை தேவை என்று எண்ணில் சொல்வார்கள். உதாரணத்துக்கு ஒரு ஸ்பிரிங் 20 என்றால் ஜோடிக்கு 40. பின்னால் உட்காருபவரால் பின் வீலில் 50 கிலோ கூடுகிறது என்றால், பைக் இன்னும் 12 மி.மீ இறங்கும். அதே இடத்தில் 15 பலமுள்ள ஸ்பிரிங் என்றால் 16 மி.மீக்கு மேல். கடையில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். 'சூப்பர் ஹெவி டியூட்டி தம்பி' என்பது பதில் கிடையாது. கையால் சீட்டை அமுக்கிப் பார்த்து வாங்குவதும் வேண்டாம்.

எண் தெரியாத ஸ்பிரிங் என்றால் கம்பியின் கனத்தைப் பாருங்கள். சுருளின் அகலமும் சுற்றுகளும் அப்படியே இருக்க, கம்பி 7 மி.மீயில் இருந்து 8 மி.மீ ஆனால் பலம் 70 சதவிகிதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு! சிலர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். வெட்டினால் பலம் கூடும்தான், ஆனால் நீளம் குறைந்து, வெட்டிய முனை சரியாக உட்காராது. தயவுசெய்து வேண்டாம்.

பைக்கை என்ன செய்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாபர் ஸ்டைலில் பின் மட்கார்டு, கிராப் ரெயில் எல்லாம் கழற்றி சிங்கிள் சீட் போட்டால் பின்பக்க எடை குறையும். இரண்டு பேருக்காகக் கம்பெனி போட்ட ஸ்பிரிங் உங்களை எகிறவிடும். லடாக் பயணத்துக்குப் பெட்டிகள் மாட்டினால் கதை தலைகீழ். ஸ்விங் ஆர்மை 10 சதவிகிதம் நீட்டினாலே, வீலுக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பலம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஷாக்கை அதிகமாகச் சாய்த்து மாட்டினாலும் இதே நஷ்டம்தான். அதனால் ஸ்பிரிங்கைக் கடைசியில் வாங்குவது ஒன்றும் தப்பில்லை. ஆனால், காசை முதலிலேயே எடுத்துவையுங்கள்.

ஸ்டிஃப்பான ஸ்பிரிங் மட்டும் போட்டு, உள்ளே இருக்கும் பழைய டேம்பரை அப்படியே விட்டால் பைக் பந்து மாதிரி துள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் கூடாது, எப்போதும் ஜோடியாக.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஃப்ரேம், ஸ்விங் ஆர்மை வெட்டி ஒட்டும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றுபவர்களுக்கு: பின்னால் ஆள் உட்காரும் பைக்கில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் வீலில் பாதியாவது மூடும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக வந்த விதி அது.

புது ஸ்பிரிங் மாட்டிய அன்றைக்கே செயின் தொய்வையும், பைக் சைடு ஸ்டாண்டில் ஒழுங்காகச் சாய்ந்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இருட்டிய பிறகு பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று சுவரில் பாருங்கள். பின்பக்கம் இறங்கினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில்தான். கழற்றிய ஷாக்குகளைப் பரணில் போடும்போது மேலே பைக் நம்பரை எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால், அடுத்த வாரமே அம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருப்பார்.