நெடுந்தீவுக்கு பிலிம் கமராவோட போறவைக்கு

இப்ப எங்கட வயசுப் பெடியள், பெட்டையள் கன பேரின் கையில் பழைய பிலிம் கமரா இருக்கு. மாமாவின் பெட்டிக்குள் கிடந்தது, வெளிநாட்டிலிருந்து ஆரோ கொண்டுவந்தது, காசு சேர்த்து வாங்கினது. எடுக்கிற படங்களும் ஏறக்குறைய ஒண்டுதான்: நெடுந்தீவுக் குதிரைகள், பவளக்கல் மதில், பெருக்கமரம், குறிகட்டுவானில் பொழுது படுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976இல் வந்து 1997 வரை தயாரிக்கப்பட்டது, படம் பழகுகிறவர்களின் கமரா எண்டே பேர் எடுத்தது. பற்றரி இல்லாமலே ஷட்டர் வேலை செய்யும். பற்றரி வெளிச்சம் அளக்கிற மீற்றருக்கு மட்டும்தான். ஆனால் அந்த மீற்றரை நிற்பாட்ட ஆளி கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அது தெரியாது. முதல் தடவை நெடுந்தீவில் இறங்கினபோது மீற்றர் செத்துப்போய்க் கிடந்தது.

சரி, ஒரு பழைய கணக்கு இருக்கு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டர் வேகத்தை பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்ட வைக்க வேணும். 200 பிலிம் எண்டால் 1/250 செக்கன். ஆனால் இது வெயில் நேராக விழுகிற இடத்துக்குத்தான் சரி. வாசல் நிழலில் நிற்கிற ஆளுக்கு எஃப் 4 வரைக்கும் திறக்க வேணும். கடலையும் வெள்ளை மணலையும் பார்த்து அளவு வைத்தால் எங்கட முகங்கள் இருண்டு போகும். நெகற்றிவ் பிலிம் கூடின வெளிச்சத்தை ஓரளவு தாங்கும், குறைந்தால் தாங்காது. கொடக் நிறுவனம் நிறம் சரிபார்க்க லாப்களுக்கு அனுப்பின 'ஷேர்லி' அட்டைகளில் பல வருசமாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் முகம். எங்கட முகத்துக்கான அளவை நாங்கள்தான் பழக வேணும்.

அண்டைக்கு நான் ஒரு வீட்டு மதிலைத்தான் எடுக்கப் போனேன். உள்ளேயிருந்து ஒரு ஆச்சி வந்தா.

"என்னை ஒரு படம் எடுத்துத் தாறியே பிள்ளை?"

90களின் இடப்பெயர்வில் அல்பம் போட்டுதாம். மிச்சம் இருக்கிறது அடையாள அட்டைப் படம் மட்டும். "நாளைக்கு நான் செத்தால் அதைத்தானே பெருப்பிச்சு கல்வெட்டில போடுவினம். அதில நான் கள்ளி மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கிறன்."

சேலை மாத்திக்கொண்டு வந்து நிண்டா. மூண்டு படம் எடுத்தேன்.

பிலிம் கழுவி வந்தது. ஒண்டுமில்லை. பிலிமின் நுனி உள்ளே சுருளில் பிடிபடவே இல்லை. எண் மட்டும் 36 வரை ஓடியிருக்கு. ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடப்பக்கக் குமிழ் சுத்துதா எண்டு பார்த்திருந்தால் அண்டைக்கே தெரிந்திருக்கும்.

குதிரைகள் போனது கவலையில்லை. ஆச்சியிடம் திரும்பிப் போக எனக்கு ரெண்டு மாதம் துணிவு வரவில்லை. போனபோது அவ கோபப்படவில்லை. "இங்க படம் எடுக்க வாறவை ஒருத்தரும் திரும்பி வாறேல்லை" எண்டு மட்டும் சொன்னா.

அந்தச் சொல்தான் இதை எழுத வைத்தது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை ஒவ்வொரு மே மாதமும் நினைவுகூருகிற ஊர் அது. ஒரு முகத்தின் படம் வீட்டில் இருக்கிறதா இல்லையா எண்டது அங்கே சின்ன விசயம் இல்லை. நாங்களோ ஆட்கள் விலகும்வரை பார்த்திருந்து மதிலை எடுத்துக்கொண்டு வாறோம்.

"இதைப் போனிலயே செய்யலாமே?" எண்டு கேட்பீர்கள். செய்யலாம், செய்யுங்கோ. ஆனால் போனில் எடுத்ததில் எத்தனை படம் தாளுக்கு வந்திருக்கு? பிலிமும் விலை, கழுவுகிற செலவும் கூட. எல்லாராலும் ஏலாது. அப்படிக் காசு கொடுத்து வாங்கின 36 படத்தையும் மதிலுக்கே கொடுக்கிறது எனக்கு உறுத்துது. பாதியையாவது கேட்டு, ஆட்களை எடுங்கோ. எடுத்ததை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கோ.

இன்னொண்டு. ஸ்கானை மட்டும் வாங்கிக்கொண்டு நெகற்றிவை லாப்பில் விட்டிட்டு வராதேயுங்கோ. அல்பம் ஒரு வீட்டில் இருந்தால் நெகற்றிவ் வேறொரு வீட்டில் இருக்கட்டும். இடம்பெயர்ந்த சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆச்சியின் படம் மூன்றாவது பயணத்தில்தான் அவவின் கைக்குப் போனது. குறிகட்டுவானில் படகு ஏறமுதல் பையில் புது றோல் இருக்கா எண்டு எல்லாரும் பார்ப்போம். போன தடவை எடுத்த ஆட்களின் படங்களும் இருக்கா எண்டு பாருங்கோ.