இந்தச் சுவர் எதைத் தாங்குகிறது?

சிங்கம்புணரியிலிருந்து ஓர் இல்லத்தரசி நமக்கு எழுதியிருக்கிறார். தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். வரும் உறவினர் அமர்ந்துண்ணக் கூடம் போதாது. கூடத்திற்கும் அடுத்த அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகும். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "வெறும் தடுப்புச் சுவர்தான் அம்மா, ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிடலாம்" என்றாராம். மாடியறையில் எண்பது வயது மாமியார் படுத்திருக்கிறார். எடுக்கலாமா என்பது கேள்வி.

ஓசையை நம்பி எடுக்கலாகாது என்பதே நம் மறுமொழி. தட்டும் ஓசை சுவரின் கனத்தை ஓரளவு சொல்லும். அது சுமக்கும் பாரத்தைச் சொல்லாது.

முதலில், வீடு எதன்மேல் நிற்கிறது என்று அறிய வேண்டும். கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் எழுப்பி, இடைவெளியைச் செங்கல்லால் அடைத்த வீடாயின், அச்சுவர் பெரும்பாலும் தன் எடையை மட்டுமே சுமக்கும். ஆனால் நம் சிற்றூர்களில் தூணே இல்லாத வீடுகள் ஏராளம். ஒன்பது அங்குலச் சுவர்களின் மேல் நேரே தளம் போட்டிருப்பார்கள். ஒன்பது அங்குலமெனில் தாங்குசுவர், நாலரை அங்குலமெனில் தடுப்புச் சுவர் என்பது கொத்தனார்களின் கணக்கு. நல்ல குறிப்புத்தான், ஆயினும் முடிந்த முடிபன்று. தளத்தோடு இறுக்கிக் கட்டிய நாலரை அங்குலச் சுவர்கூட, நாளடைவில் தளம் சற்றே தாழ்ந்தபோது பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்கலாம்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இதைக் கண்ணாலேயே காணலாம். தளத்து மரக்கட்டைகளின் முனைகள் எந்தச் சுவரில் ஊன்றியுள்ளனவோ, அது தாங்குசுவர். கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவரிலும் உத்திரத்தின் முனை அமர்ந்திருக்கக்கூடும்.

கான்கிரீட் தளத்தில் கம்பிகள் மறைந்திருப்பதால்தான் தொல்லை. மாடியில் இதே சுவருக்கு நேர்மேலே சுவர் உண்டா? சுவரோரம் சிறிது தோண்டினால் அடித்தளம் தென்படுகிறதா, அல்லது சுவர் தரைமீதே நிற்கிறதா? இவற்றை வீட்டாரே பார்க்கலாம். மேலே சுவரும் கீழே அடித்தளமும் இருப்பின், அது பாரஞ்சுமக்கும் சுவரென்றே கொள்க. இல்லாவிடினும் ஐயம் தீர்ந்துவிடாது.

ஏனெனில், பத்தடி பத்தடியாகத் தளம் தாங்கி நின்ற இடத்தில் நடுச்சுவர் போனால், அது இருபதடியைத் தாவ வேண்டும். தூரம் இரட்டித்தால் தளத்தை வளைக்கும் விசை 4 மடங்காகிறது. தொய்வோ 16 மடங்குக்குக் குறையாது. இன்னுமொன்று. நடுச்சுவருக்கு மேலே தளத்தின் மேற்புறம் இழுபடுமாதலால், கம்பிகளில் ஒரு பகுதியை அங்கே வளைத்து மேலேற்றிவிடுவது வழக்கம். சுவரை எடுத்தபின் அதே இடத்தில் அடிப்புறம் இழுபடும். அங்கோ கம்பி குறைவு! இடித்த அன்று தளம் விழவில்லையே என்று மகிழ்வதில் பொருளில்லை. கான்கிரீட் மாதக்கணக்கில் மெல்லத் தொய்யும் இயல்புடையது. திருமண நாளில் மாடியில் கூட்டமும் சேரும்.

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கடுக்குக் குடியிருப்பொன்று இடிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே தூண்களில் கைவைத்ததே காரணமென்று குடியிருந்தோர் குற்றஞ்சாட்டினர். மாண்டவர்களில் தத்தம் வீட்டில் இருந்தவர்களும் உண்டு.

தாங்குசுவரை எடுக்கவே முடியாதென்று நாம் கூறவில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கணக்கிட வேண்டும். தளத்திற்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, சுவரிருந்த இடத்தில் இரும்பு உத்திரம் ஏற்றி, அதன் முனைகள் அமரும் இடங்களையும் உறுதி செய்த பின்னரே முட்டுகளை அகற்றலாம். இதற்கு ஒரு காலைப்பொழுது போதாது, செலவும் உண்டு. வாசலில் பந்தலிட்டால் அதைவிடக் குறைவாகவே ஆகும் என்பது நம் எண்ணம்.

எடுப்பதென்றே அம்மையார் முடிவு செய்தால், வீடு கட்டியபோது போட்ட வரைபடத்தைத் தேடியெடுத்துப் பொறியாளரிடம் காட்டட்டும். வேலை முடியும்வரை மாமியாரை உறவினர் வீட்டில் தங்கவைக்கட்டும்.