ஆனைமங்கலம் தந்த சிவபாதசேகரன்

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே கும்பகோணம் செல்லும் அன்பர்கள், வழியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருமானைத் தரிசியாமல் போவதில்லை. அக்கோயிலை எழுப்பிய இராஜேந்திர சோழன், தன் தந்தை அளித்த கொடையொன்றைச் செப்பேட்டில் பொறிப்பித்து நிலைநிறுத்தினான். அக்கொடை சிவாலயத்துக்கு அளித்ததன்று. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு அளித்தது.

நாகையின் பொன் புத்தரைக் கவர்ந்து திருமங்கையாழ்வார் அரங்கனுக்கு மதில் எழுப்பினார் என்னும் குருபரம்பரைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

1006-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். தஞ்சையில் பெரிய கோயில் உயர்ந்துகொண்டிருந்தது. கடாரத்துச் சைலேந்திர மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் விகாரம் எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான். தொண்ணூற்றேழு வேலிக்கு மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் கலத்துக்கு மேல் நெல். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். சிவாலயத்துக்கு ஊர் கொடுத்தாலும் இதே முறைதான். ஒரு சடங்கும் குறையவில்லை.

விகாரத்துத் திருமேனிகளும் நம் கோயில் உற்சவ மூர்த்திகளைப் போலவே மெழுகில் உருச்செய்து வார்க்கப்பட்டவை. புத்தரின் உச்சியில் தீச்சுடர் ஒன்று எழுந்து நிற்கும். நாகைப் புத்தர் படிமம் ஒன்றின் பீடத்தில், திருவிழாவில் எழுந்தருளும் 'ஆழ்வார்' என்றே அவரைக் குறித்திருக்கிறார்கள். பல்லக்கும் புறப்பாடும் அவருக்கும் இருந்தன போலும்!

சோதனை பின்னர் வந்தது. 1025 வாக்கில் இராஜேந்திரனின் கடற்படை கடாரத்தையே வென்றது. பகைவன் நாட்டார் கட்டிய பள்ளி என்று ஊரைப் பறித்திருக்கலாம், பறிக்கவில்லை. 1090-இல் கடாரத் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களின் வரிவிலக்கை மீண்டும் உறுதிசெய்து வேறு செப்பேடு தந்தான்.

இரு தொகுதிகளும் கடல் கடந்து ஹாலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தன. அதனால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர். நாகையில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. ஆனால் 1856 முதல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தத் திருமேனிகள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது. அவற்றுட் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், நடராஜ மூர்த்திகள் இருக்கும் அதே வளாகத்தில், இன்றும் காணலாம்.