பெருந்தலை மீனும் அதன் நச்சுச் சினையும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் இல்லங்களில், புதிய ஊரின் மீன் சந்தைக்கு முதன்முதல் செல்லும் நாளில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. நம் ஊரில் வஞ்சிரம் என வாங்கிப் பழகிய மீன் மும்பையில் சுர்மை என விற்கப்படுகிறது; வாவல் அங்கே பாப்லேட் ஆகிவிடுகிறது; உள்ளம் என நாம் அழைக்கும் மீனைக் கொல்கத்தாவில் இலிஷ் என்று கொண்டாடுகின்றனர். பெயர் மாறினும் மீன் மாறவில்லை என்பதைச் சில நாட்களில் அறிந்து தெளிகிறோம். ஆனால், மீனே மாறியிருக்க, நம் பழைய வழக்கத்தை மட்டும் மாற்றாதிருந்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை கூறவல்ல மீன் ஒன்று வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் வாழ்கிறது. இம்மாதம் அதனைக் காண்போம்.

அம்மீனின் பெயர் கபெசோன். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் பெருந்தலையன் என்பது பொருள். பிடிவாதக்காரனையும் இச்சொல்லாலேயே குறிப்பர். இரு பொருளும் இம்மீனுக்குப் பொருந்துவன என்பது பின்னர் விளங்கும். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா வரையில், கரையோரப் பாறைகளிலும் கடற்பாசிக் காடுகளிலும் இது உறைகிறது. ஸ்கல்பின் எனப்படும் மீனினத்துள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. நன்கு வளர்ந்த மீன் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 11 கிலோ எடையும் எட்டக்கூடும். உடலில் செதில் இல்லை. கண்களுக்கு மேலும் மூக்கின் மேலும் கிளைத்த சதைத் துணுக்குகள் நிற்கின்றன. பளிங்கில் ஓடும் வரிகளைப் போன்ற புள்ளிகளும் திட்டுகளும் மேனியெங்கும் பரவியிருப்பதால், பாறைமேல் அசையாது கிடக்கும்போது இதனைக் கண்டுகொள்வது அரிது. ஆண் மீன்கள் பெரும்பாலும் செந்நிறத்தவை. பெண் மீன்கள் பசுமை கலந்தவை.

நண்டும் சிப்பியும் சிறு மீனும் இதற்கு உணவு. அபலோனி என்னும் கடல் நத்தையை ஓட்டுடன் விழுங்கி, சதை செரித்தபின் வெறும் ஓட்டை வெளியே உமிழ்ந்துவிடும் ஆற்றலும் இதற்கு உண்டு. கரைப் பாறைமேல் நின்று தூண்டில் வீசுவோர் இதனைப் பெரிதும் விரும்புவர். தூண்டிலைக் கவ்வியதும் இது பாறை இடுக்கினுள் தலையைச் செலுத்திக்கொள்ளும். பிறகு அதனை வெளிக்கொணர்வது எளிய செயலன்று. சில மீன்களின் சதை நீலமாகவோ பசுமையாகவோ இருக்கக் கண்டு புதியவர் திகைப்பர். அடுப்பிலேற்றினால் அது வெண்ணிறமாகிவிடும். உண்பதற்கு ஊறற்றது, சுவையும் மிக்கது.

ஆயின், சதை நல்லதென்று கண்டவர் சினையும் நல்லதென்று முடிவு செய்தலாகாது. கபெசோனின் சினை நஞ்சுடையது. இதனை அறிந்த வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்க மீனியல் அறிஞருள் தலைசிறந்தவரான கார்ல் ஹப்ஸ் என்பாரும் அவர்தம் மனைவியாரும் இம்மீனின் சினையை உண்டு கடும் நோயுற்றனர். மீன்களை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர்க்கே இவ்வாறு நேர்ந்ததெனில், பிறரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! பின்னர், 1951இல் அவரும் விக் என்பாரும் இச்சினையின் நச்சுத்தன்மையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர்.

இந்நஞ்சினால் மீனுக்கு என்ன பயன் என்று வாசகர் வினவலாம். பெண் மீன் ஒரு முறைக்கு ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 வரை முட்டைகளைப் பாறைமேல் ஒட்டி வைக்கிறது. கலிபோர்னியாவில் இது பெரும்பாலும் குளிர்காலத்தில் நிகழும். ஆழமற்ற இடமாதலின், நீர் வற்றும் வேளையில் முட்டைகள் வெளியே தெரிவதும் உண்டு. பறவைகளும் பிற விலங்குகளும் அவற்றைத் தின்னாதிருக்க இந்நஞ்சு காவலாகிறது.

நஞ்சு மட்டுமன்று, தந்தையும் காவல். முட்டையிட்டபின் தாய் மீன் அகன்றுவிடுகிறது. ஆண் மீனோ, குஞ்சு பொரிக்கும் வரையில் அவ்விடத்தை விட்டுப் பெயராமல் வாரக்கணக்கில் காத்து நிற்கிறது. மனிதன் அருகில் நீந்தி வந்தாலும் அஞ்சி ஓடுவதில்லை. பெயருக்கேற்ற பிடிவாதம் இதுவே. ஈட்டியேந்தி நீரில் மூழ்குவோர்க்கு எளிதில் இரையாவதும் இப்பிடிவாதத்தாலேயே. அத்தகைய ஒரு மீனைக் குத்தி எடுப்பவன் ஓர் உயிரை மட்டும் எடுக்கவில்லை. பல்லாயிரம் முட்டைகளைக் காவலற்றதாக்கிவிடுகிறான்.

1980களின் இறுதி தொட்டு இம்மீனுக்கு வேறொரு நெருக்கடியும் வந்தது. கலிபோர்னியாவில் குடியேறி வாழும் ஆசிய மக்கள், சிறப்பாகச் சீனர், மீனை உயிரோடு கண்டு தேர்ந்து சமைக்கச் சொல்லி உண்பதில் விருப்புடையவர். கபெசோனுக்குக் காற்றுப்பை இல்லையாதலால், ஆழத்திலிருந்து மேலே இழுத்தாலும் பிற மீன்களைப் போல் வயிறு உப்பி மடிவதில்லை. தொட்டியில் நெடுநேரம் உயிரோடிருக்கும். இதனால் உணவகங்களில் அதற்கு நல்ல விலை கிடைத்தது. பிடிப்போர் தொகையும் பெருகிற்று. 1998இல் கலிபோர்னிய மாநிலம் கடல்வாழ் உயிர்களைப் பேணுதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் வழியே 2002இல் கரையோர மீன்கள் 19 வகைகளுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் வகுக்கப்பட்டது. அவற்றுள் கபெசோனும் ஒன்று.

இங்கு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. குடியேறிய மக்கள் தம் நாக்கின் நினைவையும் உடன் கொண்டு செல்கின்றனர். அது குற்றமன்று, நாமும் அவ்வாறே செய்கிறோம். ஆனால், புதிய நிலத்தின் உயிர்களைப் பழைய நினைவு கொண்டு மட்டும் மதிப்பிடுதல் இயலாது. மீன் வாங்கினால் சினையையும் சேர்த்து வறுப்பது நம் வீடுகளில் வழக்கம். கடல் கடந்து சென்றுள்ள மகனுக்கோ மகளுக்கோ அவ்வழக்கத்தைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருப்போம். அதனோடு இன்னொன்றையும் சொல்லியனுப்புதல் நலம்: அறியாத மீனை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிந்த பின்னரே அடுப்பில் ஏற்றுக. நம் கடற்கரையில் பேத்தை மீனைக் கண்டால் விலக்க வேண்டும் என்பதை ஏட்டில் படித்தா அறிந்தோம்? அங்கே வாழ்வோரின் வாய்மொழியாலன்றோ அறிந்தோம்!

கேட்பதற்கு நாணுபவர், ஹப்ஸ் தம்பதியரை ஒரு முறை நினைத்துக்கொள்வாராக.