தாளை விட்டு இறங்கிய கோடு



படம் வரையத் தாளும் பென்சிலும் வேண்டும் என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அவற்றில் ஒன்றோ இரண்டுமோ இல்லாமலும் வரையலாம் என்று காட்டிய சிலரைப் பற்றி இம்முறை பேச ஆசை.

1953இல் அமெரிக்க இளைஞர் ராபர்ட் ரவுஷன்பெர்க், புகழின் உச்சியில் இருந்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்கென்றே ஒரு சித்திரம் கேட்டார். அவரும் லேசில் அழியாத ஒன்றாகப் பார்த்துக் கொடுத்தார். ரவுஷன்பெர்க் அதை வாரக்கணக்கில் ரப்பரால் தேய்த்து, ஏறக்குறைய வெறுந்தாளாக்கித் தன் படைப்பாக முன்வைத்தார். 1967இல் கலைஞர் ரிச்சர்ட் லாங், இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்தே நேர்கோடு ஒன்றைப் போட்டார். இன்று மிஞ்சியிருப்பது அதன் புகைப்படம்தான்.

என்னை அதிகம் ஈர்ப்பவர் கெகோ. 1912இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்த யூதப் பெண். கட்டடக்கலையும் பொறியியலும் படித்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் வெனிசுவேலாவில் குடியேறினார். கலைக்கு வந்ததோ நாற்பதை ஒட்டிய வயதில். 1969இல் அந்நாட்டின் கராகஸ் நகர அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்கக் கம்பியால் வலை பின்னினார். பார்க்க வந்தவர்கள் கோடுகளுக்கு நடுவே நடந்தார்கள். 1976 முதல் அவர் செய்தவற்றுக்குத் ‘தாளில்லாச் சித்திரங்கள்’ என்றே பெயர். கம்பியையும் உலோகத் துண்டுகளையும் வளைத்துப் பிணைத்து, சுவரிலிருந்து சற்றே விலக்கித் தொங்கவிட்டார். கம்பி ஒரு கோடு. சுவரில் விழும் அதன் நிழல் இன்னொரு கோடு. வெளிச்சம் இடம் மாறினால் படமும் மாறிவிடும்.

இதெல்லாம் ஓவியமா என்று சிலர் கேட்கக்கூடும். சிற்றிதழ்களில் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வரைந்த உருவத்தை மட்டுமல்ல, கோட்டின் வேகத்தையும் திருப்பத்தையும் ரசிக்கத் தெரிந்தவர்கள். அந்த ரசனையே இங்கும் போதும். கை போன வழியைக் கோடு காட்டுகிறது. அது மையில் இருந்தால் என்ன, கம்பியில் இருந்தால் என்ன?

அடுத்த முறை ஒரு கண்காட்சிக்குப் போனால், ‘இது என்ன உருவம்?’ என்று கேட்குமுன், கோடு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பாருங்கள். பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்