பர்மாவை விட்டு வந்தவன் கதை எங்கே?

காரைக்குடிக்கு வருவோரிடம் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுகிறார்கள். தூண் கப்பலில் வந்தது. கூலிக்குப் போன தமிழன் எப்படித் திரும்பினான்?

1942-இல் ஜப்பானியர் குண்டுக்குத் தப்பிக் காட்டுவழி நடந்தான். அந்தத் துயரைப் பத்தே ஆண்டில் திரையில் ஏற்றினார் கலைஞர். 1952-இல் வந்த ‘பராசக்தி’யில், வரும் வழியில் காலை இழந்த ஞானசேகரன் பிச்சைக்காரரையும் சங்கமாகத் திரட்டினானே, மறக்கப் போமோ? அப்படத் தயாரிப்பில் பங்கு கொண்ட ஏவி. மெய்யப்பன் இந்தக் காரைக்குடிக்காரர்தாம்!

இரண்டாம் வெளியேற்றம் 1964-இல். 1962-இல் ஆட்சியைப் பறித்த படைத்தலைவர் நீ வின், சோசலிசத்தின் பெயரால் கடைகளை அரசுடைமை ஆக்கினார். 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதென்றார். சமதர்மம் நமக்குக் கசப்பன்று. சுரண்டியவன் சொத்துப் போனால் நாம் கண்ணீர் விடப் போவதுமில்லை. ஆனால் பெரிய வட்டிக்கடைக்காரர்களில் பலர் முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். சிக்கியவர் யார்? பெட்டிக்கடை வைத்தவர், மூட்டை சுமந்தவர். கைச்சேமிப்பும் காகிதமாகிவிட, வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

1990-இல் மறைந்த கிழக்கு ஜெர்மனியை விட்டு ஓடியவர்களைப் பற்றி எத்தனை படங்கள், எத்தனை நாவல்கள்! 1988-இல் வீழ்ந்த நீ வின் ஆட்சியை விட்டு வந்த நம்மவனுக்கு, பராசக்தியைப் போல் பட்டிதொட்டியெல்லாம் பேசிய படம் ஏது? காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறது; சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் மிச்சமா?

அன்று கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. படமெடுக்கும் தோழர்கள் அரங்கம் போடுமுன் அந்தத் திண்ணைகளில் போய் உட்காரட்டும்.